மூன்றாம் அறையின் சுவர்

ஜூன் 9, திங்கள்

ஹர்மாகாரிக்கு வந்து சேர்ந்தேன். கோட்கா நகரத்திலிருந்து படகில் ஐம்பது நிமிடம். தீவு என்று சொன்னாலும் முக்கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். பாறை, பைன் மரம், மறுபடி பாறை. நூறு வருடத்துக்கு முன்பு ரஷ்யர்கள் இங்கே பீரங்கிமேடை கட்டினார்கள். இரண்டாம் உலகப்போரில் பின்லாந்துக்காரர்கள் அதே மேடையில் நின்று கடலைப் பார்த்துச் சுட்டார்கள். இப்போது மிச்சமிருப்பது நாலு பீரங்கிக் குழிகள், ஒரு கண்காணிப்புக் கோபுரம், பாறைக்கு அடியில் ஏழு வெடிமருந்து அறைகள்.

தீவைப் பராமரிக்கும் உள்ளூர்ச் சங்கம் ஜூலையில் இதைப் பார்வையாளர்களுக்குத் திறக்கப்போகிறது. அதற்கு முன் கான்கிரீட்டின் நிலையைப் பார்த்து, எந்த அறைக்குள் ஆள் போகலாம், எதற்குள் கூடாது என்று சொல்ல வேண்டும். பழைய கான்கிரீட்டை ஆராய்வதற்காகத்தான் போன வருடம் திருச்சியிலிருந்து பின்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வந்தேன். சங்கத்தின் செயலாளர் ராய்மோ என் கையைக் குலுக்கி, "எங்களுக்கு ஒரு நிபுணர் கிடைத்திருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது.

படகு ஓட்டி வந்தவர் தமிழர்! முல்லைத்தீவுப் பக்கம். பெயர் குகதாசன், ஐம்பத்திரண்டு வயது. பதினான்கு வருடமாகக் கோட்காவில் இருக்கிறார், பின்லாந்து மொழி தண்ணீர்பட்ட பாடு. சங்கத்துக்குக் கோடையில் படகோட்டி, எனக்கு மொழிபெயர்ப்பாளர். படிவமெல்லாம் அந்த மொழியில்தான் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதி, கீழே கையெழுத்தும் போடுவார் என்று ஏற்பாடு.

சமையல்கூடத்துப் பக்கத்து அறையில் கட்டில். கொசு.

ஜூன் 10, செவ்வாய்

மழை. வெளிச்சுவர்களை மட்டும் பார்த்தோம். கடல் காகங்களை விட ஆலா என்ற கடற்பறவைகள் மோசம். கூட்டுப் பக்கம் போனால் தலையில் கொத்த வருகின்றன. குகதாசன் அண்ணன் தலைக்கு மேல் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆலா குச்சி நுனியைக் கொத்திவிட்டுப் போய்விடுகிறது.

முதல் அறையின் வாசலில் நின்று ஒரு விஷயம் சொன்னார்.

"தம்பி, இதை இப்பவே சொல்லிப்போடுறன். ஒரு வாசல் மட்டும் இருக்கிற இடத்துக்குள்ள நான் வரமாட்டன். சங்கத்துக்கும் முதலே சொன்னனான்."

"ஏண்ணே?"

"பயம்" என்றார். வேறு எதையும் சேர்க்கவில்லை.

நான் புரிந்துகொண்டேன் என்று காட்ட, 2009இல் கல்லூரி மாணவனாக நான் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்ததைச் சொன்னேன். பதுங்குகுழிகளுக்குள் மக்கள் படும் பாட்டைப் பற்றிக் கூட்டத்தில் பேசியதையும், கேட்டவர்கள் அழுததையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். "நன்றி தம்பி" என்றார்.

"நீங்க வெளியவே இருங்கண்ணே. உள்ள நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஜூன் 11, புதன்

முதல் அறை. ஆறு மீட்டர் ஆழம். சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, கம்பி வெளியே தெரியவில்லை. தரை உறுதி. உள்ளிருந்தே வாசல் தெரிகிறது.

குளிர்காலத்துக் காற்று இன்னும் உள்ளேயே கிடக்கிறது. ஆனாலும் வியர்த்தது. இரண்டு சட்டை போட்டதால் இருக்கும்.

மாலை உடம்பு முழுக்க உண்ணி தேடினேன். ஒன்று, இடது முழங்காலுக்குப் பின்னால். குகதாசன் அண்ணன் இடுக்கியால் எடுத்துத் தந்தார்.

ஜூன் 12, வியாழன்

இரண்டாம் அறை. ஒரு வளைவு. கூரையில் விரிசல், அகலம் நாலு மில்லிமீட்டர். தரை உறுதி. விளக்கு மினுக்கியதால் இரண்டு முறை வெளியே வர வேண்டியிருந்தது. புது பேட்டரி போட வேண்டும்.

சங்கத்தின் தொண்டர் ஒருவர் வந்திருக்கிறார். கெர்ட்டு என்ற அம்மாள், அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தைந்து வயது. வந்ததும் புல் வெட்ட ஆரம்பித்துவிட்டார். மதியம் புது உருளைக்கிழங்கை வேகவைத்து, வெந்தயக்கீரை மாதிரி ஒரு இலையைத் தூவி, வெண்ணெய் போட்டுத் தந்தார். மிளகாய்ப்பொடி இல்லாமல் உருளைக்கிழங்கு இவ்வளவு ருசிக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 13, வெள்ளி

மூன்றாம் அறையும் முடிந்தது. தரை உறுதி.

கெர்ட்டு மாலை என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவருடைய அப்பா இருபது வயதில் இந்தத் தீவில் பீரங்கிக்குக் குண்டு தூக்கிக் கொடுத்தவராம். மூன்றாம் அறையில்தான் வேலை. அங்கே சுவரில் தன் பெயரைப் பொறித்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். குகதாசன் அண்ணன் மொழிபெயர்த்தார்.

"சுவரில ஏதும் எழுத்துக் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா."

கெர்ட்டுவின் முகத்தில் அவ்வளவு எதிர்பார்ப்பு. ஏதோ எழுத்து இருந்ததாகவும் என்னால் படிக்க முடியவில்லை என்றும் சொன்னேன். இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல அம்மாள்.

ஜூன் 14, சனி

துணி துவைத்தேன். சவுனா என்ற நீராவிக் குளியல் கொட்டகைக்கு விறகு பிளந்தேன். மாவு இந்தக் குளிரில் புளிக்கவே மாட்டேன் என்கிறது. புளிக்காத மாவிலேயே தோசை வார்த்தேன். கெர்ட்டு இரண்டு சாப்பிட்டார், ஜாம் தடவி.

ஜூன் 16, திங்கள்

நாலு முதல் ஏழு வரை நான்கு அறைகளையும் ஒரே நாளில் முடித்தேன். இவற்றுக்கு இரண்டு பக்கமும் வாசல், காற்று ஓடுகிறது. அருமையான வேலை. ஐந்தாம் அறைக்கு மட்டும் சிவப்பு அட்டை. மற்ற வாசல்களில் குகதாசன் அண்ணன் பச்சை அட்டையை ஆணியில் மாட்டினார். பச்சை என்றால் உள்ளே போகலாம்.

மாட்டும்போது, "மூண்டாவதுக்கும் பச்சைதானே தம்பி?" என்று ஒருமுறை கேட்டார்.

ஆமாம் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

கெர்ட்டு மூன்றாம் அறைக்குள் விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிவு. தீயணைப்புப் படகு வந்து கொண்டுபோனது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

குகதாசன் அண்ணன் உள்ளே போனார். நான் வெளியே நின்று தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. அவசர எண்ணுக்கு யாராவது வழி சொல்ல வேண்டுமே. பாறைக்குள் சிக்னல் கிடைக்காது.

இன்று என் எழுத்து எனக்கே புரியவில்லை.

ஜூன் 18, புதன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதி வைப்பது நல்லது.

காலை பத்தே முக்கால் இருக்கும். நானும் குகதாசன் அண்ணனும் மூன்றாவது பீரங்கிக் குழியில் அளவெடுத்துக்கொண்டிருந்தோம். குழியின் மூலையில் ஒரு இரும்பு மூடி உண்டு. அந்தக் காலத்தில் கீழே அறையிலிருந்து குண்டுகளை மேலே ஏற்றிய துவாரம். அந்த மூடிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் பறவை என்று நினைத்தேன். குகதாசன் அண்ணன் குனிந்து காது வைத்தார்.

"கெர்ட்டு! கீழ கெர்ட்டு!"

ஓடினோம். வாசலில் பச்சை அட்டை ஆடிக்கொண்டிருந்தது. அவர் என் தலையிலிருந்த விளக்கை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். அவருடைய உதடு வெளுத்திருந்தது.

"உள்ளுக்க எப்பிடி? எத்தினை வளைவு? எங்க பள்ளம்?"

நான் அங்கே போய்ப் பார்த்தவன் என்றுதானே கேட்டார்.

"ரெண்டு வளைவுண்ணே. நேரா போங்க" என்றேன்.

"நீங்கள் வாறியளோ?"

"நான் போன் பண்ணிட்டு வரேன்."

அவர் போனார். போகும்போது வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார், ஒன்று, இரண்டு, மூன்று என்று. பதினேழு வரை எனக்குக் கேட்டது.

தீயணைப்புக்காரர்கள் வர நாற்பது நிமிடம் ஆனது. அறையின் கடைசியில், குண்டு ஏற்றும் இடத்துக்குக் கீழே இரண்டரை மீட்டர்ப் பள்ளம். அதன் மேல் போட்டிருந்த பலகைகள் உளுத்து, மண்ணும் இலையும் மூடித் தரை மாதிரியே தெரிந்திருக்கிறது. கெர்ட்டு அதில் விழுந்திருக்கிறார். குகதாசன் அண்ணன் பள்ளத்துக்குள் இறங்கி, அந்த நாற்பது நிமிடமும் கெர்ட்டுவின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

வெளியே வந்ததும் நேரே கரைக்குப் போய்க் கடல் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு பாறையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஊரில பங்கருக்குள்ள நாலு பேர் போனம். வாசல் இடிஞ்சு மூடிட்டுது. ரெண்டு பேர்தான் வந்தம்" என்றார்.

அவர் தோளில் கை வைத்தேன். ஈரமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

ராய்மோ வந்தார். படிவங்களை மேசையில் பரப்பினார். மூன்றாம் அறையின் தாளில் "தரை உறுதி" என்று குகதாசன் அண்ணனின் கையெழுத்தில் இருக்கிறது. பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நீங்கள் பலகைகளைப் பார்க்கவில்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

ஒரு மொழியில் சொல்வதை இன்னொரு மொழியில் எழுதும்போது சில விவரங்கள் விடுபட்டுப்போவது உண்டு என்று சொன்னேன். பொதுவாக இது உண்மை. எந்த மொழிபெயர்ப்பாளரும் ஒப்புக்கொள்வார்.

ராய்மோ தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு தலையசைத்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

குகதாசன் அண்ணன் அப்போது அறையில் இல்லை. படகில் இருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

இந்த ஊரில் கோடை நடுநாள் பெருவிழா. எதிர்த் தீவில் சொக்கப்பனை மாதிரி கொளுத்தியிருக்கிறார்கள். இங்கே நான் மட்டும்.

ஊரிலிருந்து என் மனைவி இந்துமதி கூப்பிட்டாள். விபத்தைப் பற்றி முன்பே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன், "நாங்கள் உள்ளே போய்க் காப்பாற்றினோம்" என்று. அவள் அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். அத்தைக்கு, பக்கத்து வீட்டுக்கு, அலுவலகத்தில்.

"லிப்டுல கரண்ட் போனாலே வேர்த்துக் கொட்டுவீங்க. அந்தக் குகைக்குள்ள எப்படிங்க போனீங்க?"

"அந்த நேரத்துல எதுவும் தோணல" என்றேன்.

"மாமா இருந்திருந்தா எவ்வளவு பெருமைப்பட்டிருப்பாரு" என்றாள்.

ரசம் வைத்தேன். சாப்பிடவில்லை.

ஜூன் 21, சனி

படகு ஓட்டி வந்தது வேறொருவர், சிவப்புத் தாடிக்கார இளைஞர். குகதாசன் எங்கே என்றேன். "அவர் இனி வரமாட்டார். படிவத்தில் தப்பாக எழுதிவிட்டாராம்" என்றார். ரொட்டி, பால், முட்டை இறக்கிவிட்டுப் போனார்.

ஜூன் 22, ஞாயிறு

குகதாசன் அண்ணன் கூப்பிட்டார். அவர் கோபப்படுவார் என்று நினைத்து முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன். கோபப்படவில்லை. தயங்கித் தயங்கிப் பேசினார்.

"தம்பி, ஒண்டு கேக்கட்டோ? குறை நினைக்கக்கூடாது. அண்டைக்கு மூண்டாவது அறையால வந்து, பலகை எண்டு ஏதும் சொன்னனீங்களோ?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எனக்கு வலது காது சரியாக் கேக்காது. செல் விழுந்ததில போனது. நீங்கள் அந்தப் பக்கம்தான் நிண்டனீங்கள். நான்தான் விட்டுட்டனோ எண்டு அஞ்சு நாளா யோசிச்சுக்கொண்டு இருக்கிறன். மனுசிக்கும் சொன்னன். நித்திரை வரேல்ல. அந்தப் பொம்பிளையின்ர காலை என்ர கையாலதான் பிடிச்சுக்கொண்டிருந்தனான். நான்தான் அதை முறிச்சனானோ எண்டு…"

"எனக்கு ஞாபகம் இல்லண்ணே" என்றேன்.

"ஓம், ஓம். எப்பிடி ஞாபகம் இருக்கும். பரவாயில்லை." என்றார். "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

ஜூன் 23, திங்கள்

எழுத எதுவும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

இருக்கிறது.

13ஆம் தேதியில் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "மூன்றாம் அறையும் முடிந்தது." யாருமே படிக்கப்போகாத இந்த நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன்.

விளக்கு மினுக்கவே இல்லை. 12ஆம் தேதியும் சரி, 13ஆம் தேதியும் சரி, அது நன்றாகத்தான் எரிந்தது. இரண்டு சட்டையால் வியர்க்கவும் இல்லை.

மூன்றாம் அறையில் முதல் வளைவு வரை போனேன். ஒன்பது தப்படி. திரும்பிப் பார்த்தால் வாசல் வெளிச்சம் சுவரில் ஒரு கோடாகத் தெரிந்தது. இன்னும் ஒரு தப்படி வைத்தால் அந்தக் கோடு போய்விடும். என்னால் வைக்க முடியவில்லை. மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே அண்ணன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது கேட்டது. உடனே வெளியே வந்தால் தெரிந்துவிடும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஆறு நிமிடம் அங்கேயே நின்றேன். பிறகு நிதானமாக வெளியே வந்து, இரண்டாம் அறையின் எண்களையே கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னேன். அவர் எழுதினார்.

வர முடியாது என்று அவர் முதல் நாளே சொன்னார். நான் ஏன் சொல்லவில்லை? அவர் சொன்னதால்தான் என்னால் சொல்ல முடியாமல் போனது. போரைப் பார்த்தவரே பயப்படுகிற இடத்துக்குள், போரைப் பற்றி மேடையில் பேசியவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு திமிர். "உள்ள நான் பாத்துக்கறேன்."

எழுத்து. கெர்ட்டு அதைக் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருக்கலாம். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருக்கிறது என்றால், நான் உள்ளே போனதற்கு அதுவே சாட்சி ஆகிவிடும் என்றுதான் சொன்னேன். அவர் சந்தோஷப்படட்டும் என்பதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்டது.

அந்த எழுத்தைத் தேடித்தான் அவர் உள்ளே போனார்.

ஜூன் 25, புதன்

காலைப் படகில் கோட்கா போனேன். குகதாசன் அண்ணன் வீடு மூன்றாவது மாடி. அவர் மனைவி கதவைத் திறந்து, "வாங்கோ, வாங்கோ, உங்களைப் பற்றித்தான் எந்நேரமும் கதை" என்றார். அவர் உட்காரச் சொன்ன இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை.

அண்ணன் பால்கனியில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று சொன்னேன்.

"அண்ணே, உங்க காதுல தப்பு இல்ல. நான் பலகைன்னு சொல்லவே இல்ல. நான் அந்த அறைக்குள்ள போகவே இல்ல."

அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து அவர் கால் நனைந்தது.

"போகேல்லையோ?"

"முதல் வளைவோட நின்னுட்டேன். பயந்துட்டேன். ராய்மோ கேட்டப்பவும் உங்க மேல போட்டுட்டேன்."

பாத்திரத்தைக் கீழே வைத்தார். உள்ளே அவர் மனைவி தேநீர் கலக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"நான் போகேக்க, எங்க பள்ளம் எண்டு உங்களைக் கேட்டனான்."

"ஆமாண்ணே."

"நேர போங்கோ எண்டனீங்கள்."

"ஆமாண்ணே."

"கால் தடவித் தடவித்தான் போனனான். அதால தப்பினன்." குரல் உயரவில்லை. "ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே தம்பி. நான் சொன்னனான்தானே. ஆரும் சிரிச்சவையோ?"

"இல்ல."

"பிறகென்ன?"

தேநீர் வரவில்லை. கிளம்பும்போது கதவு வரை வந்தார்.

"ராய்மோவிட்ட நீங்களே சொல்லுங்கோ. கெர்ட்டுவிட்டயும் சொல்லோணும். அவவுக்கு இங்கிலீஷ் விளங்காது." சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் வந்து மொழிபெயர்க்கிறன். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஆசுப்பத்திரி வாசலில நில்லுங்கோ."

ஜூன் 26, வியாழன்

ராய்மோவிடம் சொன்னேன். பல்கலைக்கழகத்துக்கும் எழுதி அனுப்பினேன். ராய்மோ திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாவிக்கொத்தைத் திருப்பிக் கேட்டார். "ஒரு மனிதனை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். அவரிடம் எப்படிப் பேசுவது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ஏழு அறைகளையும் வேறொருவர் மறுபடி பார்க்கப்போகிறார். நான் உண்மையாகவே பார்த்த ஆறையும்கூட. அதுதான் நியாயம்.

மீதி அரிசியையும் பருப்பையும் சமையல்கூடத்தில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

ஜூன் 28, சனி

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே குகதாசன் அண்ணன் வாசலில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெர்ரி. நான் வெறுங்கையோடு போயிருந்தேன்.

கெர்ட்டு படுக்கையில் சாய்ந்திருந்தார். முகம் சிறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. அவரே முதலில் பேச ஆரம்பித்துவிட்டார். அண்ணன் மொழிபெயர்த்தார்.

"உங்களிட்ட மன்னிப்புக் கேக்கோணுமாம். தன்னால உங்கட வேலைக்குக் கெட்ட பேர் வந்திட்டுதாம்."

"அவங்கள நிறுத்தச் சொல்லுங்கண்ணே."

"சொல்லி முடிக்கட்டும்." அண்ணன் என்னைப் பார்க்காமலே தொடர்ந்தார். "உள்ளுக்கப் போய்க் கால் மணித்தியாலம் தேடினவவாம். சுவர் வெறுமையா இருந்ததாம். கண்ணில புரை வளருதாம், ஒப்பரேசனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவவாம். தன்ர கண்ணுக்குத்தான் எழுத்துத் தெரியேல்லை எண்டு நினைச்சு, கொஞ்சம் எட்ட நிண்டு பாத்தால் தெரியுமோ எண்டு பின்னுக்குப் போனவவாம். அப்பதான் விழுந்தது."

கெர்ட்டு தன் கண்ணைச் சுட்டிக்காட்டி, தலையை ஆட்டிச் சிரித்தார். கிழட்டுக் கண், என்ன செய்வது என்பது போல.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, சொல்லுங்க. நான் உள்ள போகல. எந்த எழுத்தையும் நான் பாக்கல. பயந்து பாதியில திரும்பி வந்தவன், போனதா காட்டிக்கறதுக்காக அவங்ககிட்ட எழுத்து இருக்குன்னு பொய் சொன்னேன்."

அண்ணன் அதைச் சொன்னார். நான் சொன்னதைவிட நீளமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கெர்ட்டுவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறாங்க?"

"நான் அவ்வளவு நேரம் அதுக்குள்ள இருந்தனான்தானே, என்ர தலையில நல்ல லைட் இருந்ததுதானே, நான் ஏதும் கண்டனானோ எண்டு கேக்கிறா."

நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அம்மாள் தேறிவிடுவார். அவர் சொல்லிவிட மாட்டாரா என்று நான் விரும்பினேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாக, நீளமாக, அந்த மொழியில் பேசினார். கையால் காற்றில் சுவரை வரைந்து, இந்த மூலை, அந்த மூலை என்று காட்டினார். கடைசியில் தலையை இல்லை என்று அசைத்தார்.

கெர்ட்டு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் வழிந்தது. மூடியபடியே கையை நீட்டினார். அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கெர்ட்டு இரண்டு வாக்கியம் பேசினார்.

"வந்து சொன்னதுக்கு நன்றியாம்" என்றார் அண்ணன். "இனி வரவேண்டாமாம்."

தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் உள்ளேயே இருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பூங்கா. பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயில் அடித்தது. ஒருவர் நாயோடு போனார். போனை எடுத்து இந்துமதியைக் கூப்பிட்டேன். அங்கே மாலை ஆறு மணியாகியிருக்கும்.

"என்னங்க, இந்நேரத்துல? அத்தை இப்பதான் உங்களப் பத்திப் பேசிட்டுப் போறாங்க. நம்ம தெரு சங்கத்துல உங்கள…"

"இந்து, நான் உள்ள போகல."

"எங்க?"

"அந்த அம்மாவக் காப்பாத்தினது நான் இல்ல. அவங்க விழுந்ததே என்னாலதான்."

அந்தப் பக்கம் எண்ணெயில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அடுப்ப அணைச்சிட்டேன்" என்றாள். "மொதல்ல இருந்து சொல்லுங்க."